ஹெர்பிஸ் வைரஸ் போட்ட எண்டோதீலியல் செல்கள்: டிஷ்ஷில் தெரியும் அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழிமுறை

கல்ச்சர் ரூமில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர், "அக்கா, செல் மாறியிருக்கு, வைரஸ்தானே?" என்று கேட்பார்கள். மீதிப் பாதி, "அக்கா, செல் மாறவே இல்லை, வைரஸ் செத்துப்போச்சா?" என்பார்கள். இரண்டு பேரிடமும் நான் முதலில் கேட்பது மாக் டிஷ்ஷை, அதாவது வைரஸ் போடாத ஒப்பீட்டு டிஷ்ஷைத்தான். பெரும்பாலும் அதைக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

இங்கே பேசுவது ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் எண்டோதீலியல் செல்களைப் பற்றி. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கும் ஹியூவெக், தோலின் நுண்குழாய்களிலிருந்து எடுப்பவை, இரண்டும் சேர்த்தி. வைரஸ் மூன்று: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, மனித சைட்டோமெகாலோ வைரஸ், கபோசி சார்கோமா வைரஸ். மூன்றுமே இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு அறையில் கையாள வேண்டியவை. கீழே எல்லாவற்றையும் செலவு குறைந்த சோதனையிலிருந்து கூடியதற்கு என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சீக்வென்சிங்குக்கு, அதாவது மரபணு எழுத்துகளைப் படிக்கும் சோதனைக்குப் பணம் கட்டிய பிறகு, இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி என்று தெரிந்த கதை எங்களிடம் உண்டு.

தொடங்குமுன்: மூன்று டிஷ்

ஒன்று, உயிருள்ள வைரஸ். இரண்டு, அதே ஸ்டாக்கை, அதாவது வளர்த்துச் சேமித்த வைரஸ் திரவத்தை, புற ஊதா ஒளியில் வைத்துச் செயலிழக்கச் செய்தது. அது செல்லில் ஒட்டும், உள்ளேயும் போகும், ஆனால் அதன் மரபணுக்கள் வேலை செய்யாது. மூன்று, மாக். மாக் என்று புது மீடியத்தை ஊற்றி வைப்பது ஏமாற்று வேலை. வைரஸ் வளர்த்த அதே வகைச் செல்லை வைரஸ் இல்லாமல், அதே மருந்து போட்டு, அத்தனை நாளே வைத்து எடுத்த திரவம்தான் மாக். இந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே பாசேஜ் (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தது என்ற எண்) செல்லில் போட்டவையாக இருக்க வேண்டும்.

அறிகுறி 1: வைரஸ் போட்டு மூன்று நாள் ஆகியும் ஒன்றுமே நடக்கவில்லை

*முதலில் காலண்டரைப் பாருங்கள்.* ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அவசரக்காரன். செல்லுக்கு ஐந்து வைரஸ் என்ற கணக்கில் போட்டால், ஒரு நாளுக்குள் செல்கள் உருண்டு, சுருங்கி, தட்டிலிருந்து கழன்றுவிடும். சைட்டோமெகாலோ நிதானம். அதன் முதல் புரதங்கள் ஒரு நாளுக்குள் உட்கருவில் தெரியும். செல் வீங்கி, உட்கருவில் ஆந்தைக்கண் போன்ற திட்டு விழ நாலைந்து நாளுக்கு மேல் ஆகும். கபோசி வைரஸ் இன்னும் பொறுமை. பெரும்பாலான செல்களில் அது பெருகாமல் ஒளிந்து கிடக்கும். பாவுகல் தளம் போல நெருக்கமாக இருந்த செல்கள் நூற்புக் கதிரைப் போல நீள்வதைப் பார்க்க ஒரு வாரம்கூட ஆகலாம். கபோசி வைரஸ் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்து அழுகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

*காலம் சரி என்றால் மீடியம்.* அநேகமாகக் குற்றவாளி இதுதான். எண்டோதீலியல் மீடியத்தோடு வரும் சப்ளிமென்ட் குப்பிகளில் ஒன்று ஹெப்பாரின். இந்த மூன்று வைரஸ்களும் முதலில் பற்றுவது செல்லின் மேலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட்டை. மீடியத்தில் மிதக்கும் ஹெப்பாரின் அதே முகத்தைக் காட்டி வைரஸை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். செல் வளர வேண்டும் என்று நாமே ஊற்றியது வைரஸுக்குத் தடுப்பூசி மாதிரி ஆகிவிடுகிறது. பஃபரில் இரண்டு முறை கழுவி, ஹெப்பாரினும் சீரமும் இல்லாத அடிப்படை மீடியத்தில் வைரஸைக் கலந்து, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு முழு மீடியத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மணியைத் தாண்ட விடாதீர்கள். பட்டினி கிடந்த செல்லும் நீளத் தொடங்கும், அது இன்னொரு தலைவலி.

*அப்புறம் கொள்ளளவு.* ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 2 மி.லி. ஊற்றிவிட்டு வைரஸ் தேடிப்போய் ஒட்டும் என்று காத்திருப்பார்கள். அரை மி.லி. போதும். கால் மணிக்கு ஒரு முறை தட்டைச் சாய்த்து ஆட்டுங்கள். கபோசி வைரஸுக்கு, வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீனை மி.லி.-க்கு 8 மைக்ரோகிராம் வரை சேர்த்து, தட்டோடு சென்ட்ரிஃபியூஜில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சுற்றினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

*ஸ்டாக்.* உருக்கி, மறுபடி உறையவைத்த குப்பியா? ஒவ்வொரு முறையும் வீரியம் கணிசமாகக் குறையும். மூடியில் தேதியும் எத்தனையாவது உருக்கல் என்பதும் இல்லாத குப்பியை நான் கையில்கூட எடுப்பதில்லை. அதே ஸ்டாக்கை அதற்குப் பழக்கமான செல்லில் போட்டுப் பாருங்கள்: சிம்ப்ளெக்ஸுக்கு வெரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல், சைட்டோமெகாலோவுக்குத் தோலின் இணைப்புத் திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்.

அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் ஸ்டாக் செத்தது. புதிதாக வளர்க்க வேண்டும்.

அங்கே கொழுந்துவிட்டு எரிகிறது, எண்டோதீலியத்தில் மட்டும் அமைதி என்றால், அதுவும் சைட்டோமெகாலோ என்றால், *வைரஸ் இனத்தின் பெயரைக் கேளுங்கள்.* ஏடி169, டவுன் என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. இவை பல ஆண்டுகள் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலேயே வளர்ந்து, எண்டோதீலியத்துக்குள் நுழையும் சாவியைத் தொலைத்தவை. அந்தச் சாவி, யூ.எல்.128, 130, 131 ஆகிய மரபணுக்கள் தரும் மூன்று புரதங்களும் வேறு இரண்டு வைரஸ் புரதங்களும் சேர்ந்த ஐந்து பேர் கூட்டு. ஏடி169-இல் 131-ஆம் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து கூடிப்போனதால் மொத்த வாசகமும் குலைந்துவிட்டது. டிபி40/இ போன்ற, எண்டோதீலியத்தில் வளரும் இனத்தை வாங்குங்கள். வாங்கியதையும் ஃபைப்ரோபிளாஸ்ட்டிலேயே திரும்பத் திரும்ப வளர்த்தால் அதுவும் அதே வழியில் போகும்.

*ஆளைக் கூப்பிடும் இடம்:* இனம் சரி, ஹெப்பாரின் இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட்டில் வேலை செய்கிறது, இரண்டு வேறு கொடையாளரின் ஹியூவெக்கில் மட்டும் வேலை செய்யவில்லை. இப்போது அந்த மூன்று மரபணுக்களையும் சீக்வென்ஸ் செய்யக் கொடுங்கள். இதற்கு முன்னால் வேண்டாம்.

அறிகுறி 2: செல்கள் நீண்டுவிட்டன, ஆனால் மாக் டிஷ்ஷும் நீண்டிருக்கிறது

இதில்தான் எங்கள் ஆய்வகம் மூன்று வாரத்தைத் தொலைத்தது. கபோசி வைரஸ் ஸ்டாக் எடுக்க, அந்த வைரஸைச் சுமக்கும் ஐ.எஸ்.எல்.கே. செல்களுக்கு, வைரஸைப் பெருகத் தூண்டும் மருந்தாக டாக்ஸிசைக்ளினும் 1 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட்டும் போடுவது வழக்கம். ஒரு மாணவி அந்தத் திரவத்தை வடிகட்டி, நாலில் ஒரு பங்காக ஹியூவெக் மேல் ஊற்றினாள். ஐந்தாம் நாள் ஓடிவந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழகான கதிர்கள், அடுக்கடுக்காக, ஒரே திசையில் மீன்கூட்டம் போல. மாக் என்று அவள் வைத்திருந்தது புது மீடியம், அது பாவுகல்லாகவே இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு, கபோசி வைரஸ் ஒளிந்திருக்கும் செல்லின் உட்கருவில் தெரியும் லானா என்ற வைரஸ் புரதத்துக்கு நிறம் ஏற்றினோம். நூறு செல்லில் நாலைந்தில்தான் உட்கருப் புள்ளிகள். மற்றவை ஏன் நீண்டன? வைரஸ் இல்லாத ஐ.எஸ்.எல்.கே. செல்லுக்கு அதே மருந்து போட்டு எடுத்த திரவத்தை ஊற்றினோம். அதே மீன்கூட்டம். கால் மில்லிமோலார் பியூட்டிரேட்டும் அந்தச் செல்கள் விட்ட வளர்ச்சிக் காரணிகளும் சேர்ந்து ஆடிய நாடகம் அது.

இதன் வரிசை:

*பாசேஜ் எண்.* ஹியூவெக்கை ஐந்து, ஆறுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். வயதான செல் அகன்று, நீண்டு, உள்ளே குமிழ் விழுந்து கிடக்கும். அதைப் பார்த்து வைரஸ் என்று நினைப்பது சகஜம்.

*நெருக்கமும் உணவும்.* தட்டு நிரம்பி நாலு நாள் ஆன செல்லும், மீடியம் மாற்றாத செல்லும் நீளும். வார இறுதிக்குப் பிறகு திங்கள்கிழமை காலையில் மட்டும் கதிர் தெரிகிறது என்றால் காரணம் வைரஸாக இருக்காது.

*மருந்தின் மிச்சம்.* பியூட்டிரேட் மேலே சொன்னது. கபோசி வைரஸைச் சுமக்கும் பி.சி.பி.எல்.-1 என்ற லிம்போமா செல்லிலிருந்து ஸ்டாக் எடுப்பவர்கள், வைரஸைத் தூண்ட டி.பி.ஏ. என்ற மருந்து போடுவார்கள். அது இன்னும் மோசம், எண்டோதீலியத்தைத் தானே நீட்டி, முளைவிடச் செய்யும் பொருள். திரவத்தை அப்படியே ஊற்றுவதை விடுங்கள். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் வைரஸை அடியில் படியவைத்து, மேல்திரவத்தைக் கொட்டிவிட்டு, புது மீடியத்தில் கரைத்துப் போடுங்கள். மாக்கையும் அதே மாதிரி சுற்றுங்கள்.

*வேற்றுச் செல் கலப்பு.* தொப்புள்கொடியிலிருந்து நீங்களே எடுத்திருந்தால், செல்லைக் கழற்றும் கொலாஜனேஸ் நொதி கொஞ்சம் அதிக நேரம் இருந்தாலே தசைச் செல்லும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் சேர்ந்து வந்துவிடும். அவை வேகமாகப் பெருகி எண்டோதீலியத்தை மூடிவிடும். எண்டோதீலியத்தின் அடையாளமான சி.டி.31 புரதத்துக்கு நிறம் ஏற்றிப் பாருங்கள். இங்கே ஒரு கிளை உண்டு, கவனம்:

மாக்கிலும் சி.டி.31 இல்லாத நீண்ட செல்கள் இருந்தால் அது கலப்பு. அந்த பேட்சை எறியுங்கள்.

மாக்கில் எல்லாச் செல்லிலும் சி.டி.31 இருக்கிறது, வைரஸ் டிஷ்ஷில் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் கலப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கபோசி வைரஸின் கே5 புரதம் சி.டி.31-ஐயும், செல்களைக் கோத்து வைத்திருக்கும் வி.இ.-கேடெரினையும் செல் மேற்பரப்பிலிருந்து இழுத்து அழிக்கும். நல்ல பேட்சை இப்படிக் குப்பையில் போட்டவர்களைத் தெரியும். எண்டோதீலியத்தின் இன்னொரு அடையாளமான வான் வில்பிராண்ட் காரணிக்கும் நிறம் ஏற்றி உறுதி செய்துகொள்ளுங்கள்.

*ஆளைக் கூப்பிடும் இடம்:* செல் லைன் என்றால், யார் கொடுத்தாலும், செல்லின் டி.என்.ஏ. கைரேகையைக் காட்டும் எஸ்.டி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புங்கள். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் செலவு மட்டுமே. இசிவி304 என்ற லைனை 1990 முதல் ஹியூவெக்கின் வழித்தோன்றல் என்று உலகமே நம்பிப் பயன்படுத்தியது. பத்தாண்டு ஆகும் முன்பே அது டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல் என்று தெரியவந்தது. மேலே சொன்ன ஐ.எஸ்.எல்.கே.-யின் மூலமான எஸ்.எல்.கே.-யின் கதையும் அப்படித்தான். கபோசி சார்கோமாவிலிருந்து வந்தது என்று சொல்லப்பட்டது, பார்த்தால் அது கேகி-1 என்ற சிறுநீரகப் புற்றுநோய்ச் செல். வைரஸ் உற்பத்திக்கு அது இன்றும் அருமையான செல்தான். எண்டோதீலியம் என்ற பெயரில் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி 3: மாக் ஒழுங்காக இருக்கிறது, வைரஸ் டிஷ் மட்டும் மாறுகிறது, ஆனால் மாற்றம் எதிர்பார்த்தது மாதிரி இல்லை

புற ஊதா டிஷ் இங்கேதான் பேசும்.

*புற ஊதா டிஷ்ஷும் மாறியிருந்தால்:* வைரஸ் ஒட்டுவதே கொடுக்கும் சமிக்ஞையாக இருக்கலாம். அதற்கு முன் ஸ்டாக்கில் எண்டோடாக்ஸின் (பாக்டீரியா உறையின் நச்சு) இருக்கிறதா பாருங்கள். எண்டோதீலியல் செல் அதற்குப் பயங்கரமாக எதிர்வினை காட்டும். அழற்சியைக் காட்டும் ஐகேம்-1, இ-செலக்டின் புரதங்கள் எகிறும். சற்று நேரம் புற ஊதா ஒளியில் காட்டியதால் எண்டோடாக்ஸின் ஒழியாது. தட்டில் பூசும் ஜெலட்டினிலும் அது ஒளிந்திருக்கும், ஆனால் அப்போது மாக்கும் சேர்ந்து மாறும்.

*உயிருள்ள டிஷ் மட்டும் மாறியிருந்தால்:* வைரஸ்தான் என்று கைதட்டுவதற்கு முன் மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத நுண்ணிய பாக்டீரியா) இருக்கிறதா பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், மேலே சொன்ன மூன்று டிஷ் முறையையே இது ஏமாற்றிவிடும். ஸ்டாக் வளர்த்த செல்லில் மைக்கோபிளாஸ்மா இருந்தால் ஸ்டாக்கிலும் இருக்கும். மாக் வேறு பிளாஸ்க்கிலிருந்து வந்திருந்தால் அதில் இருக்காது. புற ஊதாவில் அது செத்துப்போயிருக்கும். ஆக உயிருள்ள டிஷ் மட்டும் மாறும், அசல் வைரஸ் விளைவு மாதிரியே. மீடியம் கலங்காது, நிறம் மாறாது, மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. 0.45 மைக்ரான் வடிகட்டியைச் சிரித்துக்கொண்டே தாண்டும். ஸ்டாக்கிலேயே பி.சி.ஆர். போடுங்கள். கையில் கிட் இல்லை என்றால், ஸ்டாக்கை ஹெப்பாரினோடு அரை மணி கலந்து வைத்துவிட்டுப் போடுங்கள். வைரஸ் ஒட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும், மைக்கோபிளாஸ்மா நிற்காது. மாற்றம் அப்படியே இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

மைக்கோபிளாஸ்மா உறுதியானால் அந்த ஸ்டாக்கைக் காப்பாற்ற முயலாதீர்கள். அதைத் தொட்ட எல்லாப் பிளாஸ்க்கும் ஆட்டோகிளேவுக்கு.

அறிகுறி 4: 24 மணி நேரத்தில் எல்லாம் செத்து மிதக்கிறது

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸா? அதிக அளவில் போட்டால் அது இயல்பு. பிழை உங்கள் கணக்கில். ரத்தக்குழாய் உட்சுவர் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் செல் சாவதற்கு முன் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் காக்கும் திராம்போமாடுலின் குறைவது, உறையத் தூண்டும் திசுக் காரணி ஏறுவது, உறைதல் பக்கம் செல் சாய்வது எல்லாம் சில மணி நேரங்களிலேயே தொடங்கிவிடும். 4, 8, 12 மணியில் எடுங்கள். மறுநாள் காலை வந்து மிதக்கும் செல்லில் தேடுவது வீண்.

மற்ற இரண்டு வைரஸ் என்றால்:

பாலிபிரீனைக் கழுவாமல் இரவு முழுக்க விட்டீர்களா? மாக்கிலும் பாலிபிரீன் போட்டிருந்தால் அதுவும் செத்திருக்கும், ஒரு பார்வையில் தெரியும்.

ஸ்டாக்கில் உடைந்த செல் குப்பை இருக்கிறதா? மெதுவாக ஒரு முறை சுற்றி, குப்பையைப் படியவைத்து விட்டுப் பயன்படுத்துங்கள்.

மூன்று டிஷ்ஷும் செத்தனவா? இன்குபேட்டர். மீடியம் ஊதாச் சிவப்பாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்திருக்கிறது. மஞ்சளும் கலங்கலும் என்றால் பாக்டீரியா. நிறம் சரி என்றால் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். மே மாதத்தில் அறையின் ஏசி நின்ற ஒரு இரவில், திரை 37 காட்டிக்கொண்டிருக்க, உள்ளே 40-ஐத் தொட்டிருந்தது. இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. இதற்கு சர்வீஸ் இன்ஜினியர்தான், நாமே திருகக் கூடாது.

அறிகுறி 5: முதலில் எல்லாம் பச்சை, வாரம் போகப் போகப் பச்சை காணாமல் போகிறது

ஆர்.கே.எஸ்.ஹெச்.வி.219 என்ற, ஒளிரும்படி மாற்றிய கபோசி வைரஸைப் பயன்படுத்துகிறவர்களின் புலம்பல் இது. இதில் ஜி.எஃப்.பி. என்ற பச்சை ஒளிர்புரதம் எப்போதும் எரியும், வைரஸ் பெருகத் தொடங்கினால் சிவப்பும் எரியும், செல்லைக் கொல்லும் பியூரோமைசின் மருந்தைத் தாங்கும் மரபணுவும் உண்டு.

முதல் நாள் பச்சையைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஸ்டாக் வளர்த்த செல்லும் பச்சைதான், அதன் குப்பையும் ஜி.எஃப்.பி. புரதமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். 48 மணிக்குப் பிறகு எண்ணுங்கள். அப்போதும் லானாவின் உட்கருப் புள்ளிகளையே நம்புங்கள்.

உண்மையான பச்சையும் குறைகிறதா? அது பிழையே இல்லை, வைரஸின் சுபாவம். கபோசி வைரஸின் மரபணு வளையம் செல்லின் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளாமல் தனி வளையமாகவே கிடக்கும். செல் பிரியும்போது பல சமயம் தவறிவிடும். வைரஸ் இல்லாத செல்கள் வேகமாகப் பெருகி டிஷ்ஷை நிரப்பும். பியூரோமைசின் போட்டுத் தக்கவையுங்கள். அளவை யாரிடமும் கேட்காதீர்கள். மி.லி.-க்கு 0.1 முதல் 2 மைக்ரோகிராம் வரை உங்கள் கொடையாளரின் தொற்றாத செல்லில் போட்டு, மூன்று நான்கு நாளில் எல்லாம் சாகும் குறைந்த அளவை எடுங்கள். ஹியூவெக்கின் ஆயுள் குறைவு என்பதால் தேர்வு முடிவதற்குள் செல்லே கிழடாகிவிடும். நீண்ட சோதனைக்கு டெலோமரேஸ் நொதி ஏற்றி நீண்ட நாள் வாழவைத்த டைம் (TIME) செல்களுக்குப் போவது புத்திசாலித்தனம்.

அறிகுறி 6: ஆன்டிபாடி எல்லா இடத்திலும் ஒட்டுகிறது

தொற்றிய செல்லில் மட்டும், எந்த ஆன்டிபாடி போட்டாலும், சம்பந்தமில்லாத கட்டுப்பாட்டு ஆன்டிபாடி போட்டாலும் ஒளிர்கிறதா? சிம்ப்ளெக்ஸும் சைட்டோமெகாலோவும் தொற்றிய செல்லின் மேல் தங்கள் சொந்த எஃப்.சி. ஏற்பிகளை, அதாவது ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் புரதங்களை வைக்கும். சிம்ப்ளெக்ஸில் அது ஜி.இ.-யும் ஜி.ஐ.-யும் சேர்ந்த ஜோடி. ஆன்டிபாடியின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், என்ன புரதத்தைத் தேடுகிறோம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஹெர்பிஸுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாத மனித இம்யூனோகுளோபுலினால் முதலில் அடைத்துவிடுங்கள், அல்லது வால் நறுக்கிய எஃப்.ஏ.பி.2 துண்டு ஆன்டிபாடி வாங்குங்கள். சாதாரண ஆல்புமின் அடைப்பு இதற்குப் போதாது.

அறிகுறி 7: தொற்றிய செல்லில் எல்லா மரபணுக்களுமே ஏறிவிட்டன, அல்லது எல்லாமே இறங்கிவிட்டன

ஒப்பீட்டுக்கு எடுத்த, மாறாது என்று நம்பப்படும் ஜி.ஏ.பி.டி.ஹெச். மரபணுவின் அளவை முதலில் தனியாகப் பாருங்கள். சிம்ப்ளெக்ஸின் வி.ஹெச்.எஸ். புரதம் செல்லின் தூது ஆர்.என்.ஏ.க்களை வெட்டித் தள்ளும். கபோசி வைரஸ் பெருகும் கட்டத்தில் சாக்ஸ் புரதம் அதே வேலையைச் செய்யும். அளவுகோலே சுருங்கினால் துணி நீளமாகத்தான் தெரியும். 18எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

அறிகுறி 8: நிணநீர்க் குழாயின் குறியீடுகள் மாக்கிலும் தெரிகின்றன

கபோசி வைரஸ் ரத்தக்குழாய்ச் செல்லில் நிணநீர்க் குழாயின் குறியீடான பிராக்ஸ்1 மரபணுவை ஏற்றி, அதை நிணநீர்க் குழாய்ச் செல்லின் பக்கம் திருப்புகிறது என்பது 2004-இல் வெளிவந்தது. இதைத் திரும்பச் செய்ய முயல்கிறவர்கள் தோலிலிருந்து எடுத்த நுண்குழாய்ச் செல்லை வாங்குவார்கள். அந்தக் குப்பியிலேயே நிணநீர்க் குழாய்ச் செல்கள் கலந்திருக்கும். நிணநீர்க் குழாய்ச் செல்லின் குறியீடான போடோபிளானினை வைத்து அவற்றை நீக்கிப் பிரித்தெடுத்த செல்லை வாங்குங்கள், அல்லது ஹியூவெக்குக்கு வாருங்கள்.

அறிகுறி 9: ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு முடிவு

கொடையாளர் மாறியிருக்கும். ஒரு குழந்தையின் தொப்புள்கொடிச் செல் தொற்றைப் பிடிப்பது போல இன்னொன்று பிடிக்காது. மூன்று நான்கு கொடையாளர்களைக் கலந்த ஒரு பேட்சை ஒரே நாளில் உறையவைத்து, அதிலிருந்தே எடுங்கள். நீங்களே கொடி சேகரிப்பதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தாயின் ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை முடிவும் கையில் வந்த பிறகே கத்தரியை எடுங்கள்.

கொடையாளர் ஒன்றே, ஸ்டாக் ஒன்றே, ஆனாலும் மாறுகிறதென்றால், யார் போட்டார்கள் என்று நோட்டைப் பாருங்கள். எங்களிடம் ஒருவர், செல்லைத் தட்டிலிருந்து கழற்றும் ட்ரிப்சின் நொதியில் ஏழு நிமிடம் வைப்பார், இன்னொருவர் இரண்டு. ஏழு நிமிடக்காரரின் செல்கள் மறுநாளும் முழுசாக ஒட்டியிருக்காது, அதன் மேல்தான் வைரஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று, இது டிஷ்ஷின் அறிகுறி இல்லை. கண்ணில் தெறித்தால், கையுறை கிழிந்து குத்தினால், கழுவிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கண்ணைப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவி, உயிர்ப்பாதுகாப்பு அலுவலரிடம் அப்போதே சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் சைட்டோமெகாலோ வேலையை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், காரணம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.